கேப்டனுக்குக் கண் தெரியாது

கேப்டன் காந்திமதிநாதன் செத்துப்போன செய்தி வந்தபோது சுடலைக்கண்ணு சவரம் செய்துகொண்டிருந்தார். ஒரு கன்னம் முடிந்திருந்தது. போனில் கிறிஸ்டி. கேப்டனுக்குப் பிறகு படகுப் பயிற்சியை நடத்துகிற உடற்கல்வி டீச்சர்.

“அண்ணாச்சி, கேப்டன் சார் போயிட்டாரு. காலைல காப்பில சீனி பத்தலன்னு அம்மாகூட ஒரு சண்ட போட்டிருக்காரு. அப்படியே நாற்காலில சாஞ்சவருதான்.”

“சரி” என்று போனை வைத்துவிட்டு அடுத்த கன்னத்தையும் மழித்தார். எண்பத்தெட்டு வயதில் சண்டை போட்டுக்கொண்டே போகிற பாக்கியம் எல்லாருக்கும் வாய்க்காது என்று நினைத்தார். இலத்தூர் வரை பதினைந்து நிமிடப் பயணம். ஆனாலும் சாவு வீட்டுக்குப் போகவில்லை. இடுப்பு வலி என்று மனைவி நிர்மலாதேவியிடம் சொன்னார். அன்று சாயங்காலமே மாடிக்கு இரண்டு சிமெண்ட் மூட்டை சுமந்து போனதை அந்த அம்மாள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

பதினாறு நாள் கழித்து கிறிஸ்டி மறுபடியும் கூப்பிட்டாள். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குத் தென்காசியில் ஒரு கல்யாண மண்டபத்தில் நினைவேந்தல் கூட்டம். “மொத டீம்ல இப்ப ஊர்ல இருக்கது நீங்க ஒராள்தான் அண்ணாச்சி. ரெண்டு பேரு இறந்துட்டாங்க, ஒலி முகம்மது சார் துபாய்ல இருக்காரு, இசக்கிமணி சார் ஓசூர்ல. நீங்க ஒரு அஞ்சு நிமிசம் பேசணும்.”

“பேசுதேன்.”

இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொள்வார் என்று கிறிஸ்டி எதிர்பார்க்கவில்லை. கெஞ்சுவதற்கு நாலு வாக்கியம் தயாராக வைத்திருந்தாள்போல. அது வீணாகப் போன குழப்பத்தில் இரண்டு தடவை நன்றி சொன்னாள்.

அவளுக்கு என்ன தெரியும். அந்த மைக்குக்காகச் சுடலைக்கண்ணு முப்பத்தொன்பது வருஷமாகக் காத்திருக்கிறார். போலீஸில் சேர்ந்து, கான்ஸ்டபிளாக இருந்து, ஏட்டாகி, ஸ்பெஷல் எஸ்.ஐ. ஆகி, போன வருஷம் மாலை மரியாதையோடு ரிட்டயர்டும் ஆகியாயிற்று. திருடனைப் பிடித்ததற்கு ஒரு பாராட்டுப் பத்திரம் இருக்கிறது. இரண்டு பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்தாயிற்று. ஆனால் கல்லூரி ஆண்டு மலரில், நாற்பத்தியோராம் பக்கத்தில், கேப்டன் தன் பெயரைப் போட்டு எழுதிய ஒரு வாக்கியம் அப்படியே இருக்கிறது. அந்தப் பக்கத்தைக் கிழித்து லேமினேஷன் போட்டு, ரேஷன் கார்டும் வீட்டுப் பத்திரமும் இருக்கிற பையில் வைத்திருக்கிறார். அது பொய் என்று நாலு பேர் முன்னால் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் போதும், அப்புறம் கேப்டன் சொர்க்கத்துக்குப் போனால் என்ன, எங்கே போனால் என்ன.

“செத்த மனுசன இழுத்து வச்சிப் பேசப் போறியளாக்கும்” என்றாள் நிர்மலாதேவி.

“உயிரோட இருக்கும்போது பேசினா எதுத்துப் பேசுவாரு. இப்பத்தான் வசதி.”

“இங்கேருங்க, அவரப் பத்தி நான் ஒண்ணு சொல்லுதேன், கேட்டுக்கிட்டு…”

“அந்த ஆளு பேச்ச எடுக்காதன்னு எத்தன மட்டம் சொல்லுதது ஒனக்கு.”

அவள் தோசைக் கரண்டியோடு உள்ளே போய்விட்டாள்.

கேப்டனுடைய கதையை ஒழுங்காகச் சொல்வதென்றால் இலத்தூரில் ஆரம்பிக்க வேண்டும். வயல் வரப்பு உள்ள வீடு. நாலாவது பையன். அவனுக்குப் படிப்பு வந்தது, வேறு ஒன்றும் வரவில்லை. வயலில் இறங்கினால் வரப்பை விட்டுவிட்டு நாற்றை மிதிப்பான். எறிந்த பந்து நெற்றியில் வந்து படுகிற வரை நின்று பார்த்துக்கொண்டிருப்பான். பையன் மந்தம் என்று வீட்டில் முடிவு கட்டினார்கள். கண் தெரியவில்லை என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அவனுக்கும் தோன்றவில்லை. உலகம் எல்லாருக்கும் இப்படிக் கொஞ்சம் கலங்கலாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தானாம். பௌதிகம் எம்.எஸ்சி. படித்து, லென்ஸ் பாடத்தில் முதல் மார்க் வாங்கும்போதுதான் தன் கண்ணில் இருக்கிற கோளாறு என்ன, அதற்கு எத்தனை பவர் கண்ணாடி போட வேண்டும் என்று கணக்குப் போட்டுத் தெரிந்துகொண்டார். கணக்கோடு நிறுத்திக்கொண்டார். கண்ணாடி போடவில்லை. மீசைக்கு மேல் கண்ணாடி வைத்தால் கருவூலத்து கிளார்க் மாதிரி இருக்கும் என்பது அவருடைய கட்சி.

அறுபத்திரண்டில் சீனாக்காரன் வந்து போன பிறகு ராணுவத்துக்குப் படித்த பையன்களை அவசரமாக எடுத்தார்கள். இவரும் போனார். கண் பரிசோதனைக்கு வரிசையில் நின்றபோது முன்னால் நின்ற ஏழு பேர் எழுத்துப் பலகையைச் சத்தமாக வாசித்தார்கள். எட்டாவது ஆள் ஏழு தடவை கேட்டதை ஒப்பித்துவிட்டு உள்ளே போய்விட்டார். இதை அவருடைய மனைவி ஆனந்தவள்ளி அம்மாள்தான் எல்லாரிடமும் சொன்னது. அந்த அம்மாளுக்குப் புருஷனைப் பற்றி இப்படி நாற்பது கதையாவது கைவசம் உண்டு.

என்ஜினியர் பிரிவில் போட்டார்கள். ஆற்றைக் கடக்கப் படகு இறக்குவதும் பாலம் கட்டுவதும் வேலை. அறுபத்தைந்து சண்டையில் பஞ்சாபில் ஒரு கால்வாயை இரண்டு படகில் ஆட்களோடு கடந்தார். அந்த ‘இரண்டு’ சுடலைக்கண்ணு முதல் வருஷம் படிக்கும்போது கேட்டது. இரண்டாம் வருஷம் அது ஐந்து படகானது. மூன்றாம் வருஷம் பதினொன்று. இன்னும் ஒரு வருஷம் படித்திருந்தால் கப்பலே வந்திருக்கும் என்று ஒலி முகம்மது சொல்வான். ஆனால் குண்டுச் சத்தத்துக்கு நடுவில் துடுப்பு வலித்தவர் என்பதில் பொய் இல்லை. அவருடைய வலது காது அன்றைக்கே போயிற்று. காதையும் யாரிடமும் ஒத்துக்கொண்டதில்லை.

அறுபத்தெட்டில் கேப்டன் பட்டத்தோடு விடுவித்து அனுப்பினார்கள். தென்காசிப் பக்கம் ஒரு கல்லூரியில் பௌதிக லெக்சரர், பிற்பாடு புரொபசர். பாடம் அருமையாக நடத்துவார், சந்தேகமே இல்லை. பையன்களைக் குரலை வைத்துத்தான் அடையாளம் தெரியும். வாயைத் திறக்காத பையனுக்கு அவர் வகுப்பில் எந்நாளும் ஆப்சென்ட். மிதப்பு விதியைப் புரியவைக்க ஒலி முகம்மதைக் குளத்துக்குக் கூட்டிப்போய்ப் பின்னாலிருந்து தள்ளிவிட்டார். ஒலி முகம்மதுக்கு விதி அப்போதே புரிந்துவிட்டது. சைக்கிளில் வந்தால் தெருவே ஒதுங்கும். ஒரு தடவை கோயில் வாசலில் நிலையில் நின்ற தேரில் போய் நேரே மோதிவிட்டு, பிரேக் சரியில்லை என்றார். அசையாமல் நின்ற தேரில் போய் இடித்த ஆள் தென்காசியில் அவருக்கு முன்னும் கிடையாது, பின்னும் கிடையாது.

எண்பத்துநாலில் அவருக்குப் படகுப் பைத்தியம் திரும்பியது. ஆலப்புழைப் பக்கம் போய் நாலு பேர் துடுப்பு வலிக்கிற நீளப் படகு ஒன்றைப் பழசாகப் பிடித்தார். லாரியில் ஏற்றி ஆரியங்காவு மலைப்பாதையில் கொண்டுவந்தார். புளியரை செக்போஸ்டில் மூன்று மணி நேரம் நிறுத்திவிட்டார்கள். மரம் வரும், ரப்பர் வரும், அன்னாசிப்பழம் வரும். படகுக்கு ரிஜிஸ்டரில் கட்டம் இல்லை. “இத எங்கன வச்சி ஓட்டப் போறிய?” என்று கேட்டவரிடம், இலத்தூரில் என்றார் கேப்டன். கேட்டவர் உள்ளே போய் இன்னும் இரண்டு பேரைக் கூட்டிவந்து, அவர்கள் முன்னாலும் ஒரு தடவை சொல்லச் சொன்னார். கடைசியில் ‘மரச்சாமான், பெரியது’ என்று எழுதி விட்டார்கள்.

இலத்தூர் செங்கட்டிக் குளத்தில் படகை இறக்கினார். அந்தக் குளத்தில் சாரல் காலத்தில் தண்ணீர் வரும், ஐப்பசி கார்த்திகையில் பெருகும், மாசிக்குள் வற்றிவிடும். அதாவது பாதி வருஷம் படகு நிற்கும், தண்ணீர் இருக்காது. மற்றவர்களாக இருந்தால் விட்டிருப்பார்கள். கேப்டன் கல்லூரியிலிருந்து பெஞ்சுகளைத் தூக்கிவந்து வறண்ட குளத்தின் நடுவில் வரிசையாகப் போட்டார். பையன்கள் கையில் மூங்கில் கம்பு. கம்பின் முனையில் கயிறு, கயிற்றின் மறுமுனையில் மணல் மூட்டை. அவர் எதிரே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து விசில் ஊதுவார். வலி, விடு, வலி, விடு. ஆடு மேய்க்கிறவர்கள் கரையில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டு பார்ப்பார்கள். “கரை வந்துட்டா?” என்று தினமும் யாராவது ஒருத்தர் கேட்பார்.

சுடலைக்கண்ணு இதில் மாட்டியது முட்டைக்காக. பயிற்சி முடிந்ததும் ஆளுக்கு நாலு அவித்த முட்டை ஆனந்தவள்ளி அம்மாள் கொடுப்பார். வாசுதேவநல்லூரில் ஏழு பிள்ளைகள் உள்ள வீட்டிலிருந்து வந்தவருக்கு நாலு முட்டை என்பது லேசான காரியம் இல்லை. முட்டைக்குச் சேர்ந்தவர் ஆறு மாதத்தில் படகுக்கே அடிமையாகிவிட்டார். உடம்பு இரும்பாயிற்று. கேப்டன் அவரை ஸ்ட்ரோக் ஆக்கினார். அதாவது அவர் வலிக்கிற தாளத்துக்குத்தான் மற்ற மூன்று பேரும் வலிக்க வேண்டும். துடுப்பு வலிக்கிற நாலு பேருக்கும் படகு போகிற திசைக்கு முதுகுதான். எதிரே சுக்கான் பிடித்து உட்கார்ந்திருப்பவனுக்கு மட்டும்தான் முன்னால் என்ன இருக்கிறது என்று தெரியும். மற்றவர்களுக்குத் தெரிவது அவன் முகம். திரும்பிப் பார்க்கவே கூடாது. பார்த்தால் தாளம் போகும், பிடரியில் ஒன்று விழும். அந்த வயதில் சுடலைக்கண்ணுவுக்குக் கேப்டன்தான் எல்லாம். கிணற்றில் குதி என்றால் எந்தக் கிணறு என்று மட்டும் கேட்டிருப்பார்.

எண்பத்தாறு டிசம்பரில் கொல்லத்தில், அஷ்டமுடிக் காயலில், கல்லூரிகளுக்கு ஒரு போட்டி. ஆறு படகு. மற்ற ஐந்திலும் தண்ணீரிலேயே பிறந்து வளர்ந்த பையன்கள். தமிழ்நாட்டிலிருந்து, அதுவும் மலைக்கு இந்தப் பக்கமிருந்து ஒரு படகு என்றதும் கரையில் ஒரே சிரிப்பு. இவர்கள் போன அன்று சாயங்காலமே சுக்கான் பிடிக்கிற இசக்கிமணி மரச்சீனிக் கிழங்கும் மீன் குழம்பும் கிடைத்த கடையில் உட்கார்ந்துவிட்டான். நாற்பத்திரண்டு கிலோ உடம்பு. அது எங்கே போய்ச் சேரும் என்று கடைக்காரனே பயந்தான். மறுநாள் காலையில் இசக்கிமணியைக் கக்கூஸிலிருந்து வெளியே எடுக்க முடியவில்லை.

“நான் உக்காருதேன்” என்றார் கேப்டன்.

வாத்தியார் உட்காரக் கூடாது என்று விதி இருந்ததா என்று தெரியவில்லை. காது கேட்காத பக்கம் நின்று யாரோ ஏதோ சொன்னார்கள். அவர் உட்கார்ந்துவிட்டார்.

விசில் ஊதியதும் படகு பறந்தது. மணல் மூட்டை இழுத்த கைகளுக்குக் காயல் தண்ணீர் ஒன்றுமே இல்லை. பாதித் தூரத்தில் ஐந்து படகும் இவர்கள் கண்ணுக்கு எதிரே, அதாவது பின்னால் இருந்தன. சுடலைக்கண்ணு வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக ஒருநாளும் இருந்ததில்லை. கல்யாணத்தன்றைக்குக்கூட இல்லை. அதை நிர்மலாதேவியிடம் சொன்னதில்லை. அப்போதுதான் கேப்டன் கண்ணை இடுக்குவதைப் பார்த்தார். வகுப்பில் கரும்பலகையில் தான் எழுதியது தனக்கே தெரியாதபோது அப்படித்தான் இடுக்குவார். படகுக்கு நேரே வரிசையாகச் சீனவலைகள் நின்றன. நாலு பெரிய கம்புகளில் தொங்குகிற வலை. கரையிலிருந்து ஆயிரம் பேர் கத்தினார்கள். தனக்குத்தான் கைதட்டுகிறார்கள் என்று கேப்டன் நினைத்துவிட்டார். வறண்ட குளத்தில் எல்லாம் பழகியிருந்தார்கள், படகைத் திருப்புவதைத் தவிர. பெஞ்சு ஒருநாளும் எங்கேயும் போய் மோதியதில்லை.

கம்பு முறிந்து வலை தலையில் விழுந்தது. துடுப்பு திரும்பி அடித்ததில் சுடலைக்கண்ணுவின் இடது தோள் நழுவிவிட்டது. ஐந்து பேரையும் வலையோடு சேர்த்துத்தான் தூக்கினார்கள். பெரிய மீனாகக் கிடைக்கும் என்று பார்த்த வலைக்காரர் மலையாளத்தில் அரை மணி நேரம் வைதார்.

தோற்றதற்குச் சுடலைக்கண்ணு வருந்தவில்லை. தோளில் கட்டோடு இரண்டு மாதம் கேப்டனுக்காகப் பரிந்துதான் பேசிக்கொண்டிருந்தார். மார்ச்சில் ஆண்டு மலர் வந்தது. நாற்பத்தியோராம் பக்கம், விளையாட்டு அறிக்கை. ‘இறுதிக் கட்டத்தில் ஸ்ட்ரோக் துடுப்பாளர் எஸ். சுடலைக்கண்ணுவின் கை தளர்ந்ததால் படகு திசை மாறி, வெற்றி கைநழுவியது.’ கீழே கேப்டனின் கையெழுத்து. சுக்கானில் யார் இருந்தது என்று ஒரு வரி இல்லை.

அச்சில் வந்துவிட்டால் ஊர் நம்பிவிடும். படகில் இருந்த மற்ற மூன்று பேரும் பரீட்சைக்குப் பயந்து வாயைத் திறக்கவில்லை. ‘கை தளர்ந்த சுடலை’ என்று பெயர் வந்தது. பெண் பார்க்கப் போன இடத்தில் பெண்ணின் தாய்மாமா, அந்தக் கல்லூரியிலேயே படித்தவர், “மாப்பிளைக்குக் கையில நரம்புக் கோளாறு எதுவும் உண்டுமா?” என்று கேட்டார். சுடலைக்கண்ணு எழுந்து போய், மூலையில் இருந்த அரிசி மூட்டையைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டிவிட்டு வந்து உட்கார்ந்தார். அப்படித்தான் நிர்மலாதேவி கிடைத்தாள். அவளும் கல்யாணமான புதிதில் சண்டை வந்தால் லேசில் விடமாட்டாள். “நடுக்காயல்ல கைய விட்ட ஆளுதான” என்பாள்.

கேப்டனிடம் நேரே போய்க் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கோபம் அந்த மாதிரிக் கோபம். அவராக வந்து சொல்லட்டும் என்று இருந்துவிட்டார். குளத்துப் பக்கம் அதன்பிறகு கால் வைக்கவில்லை. ஒவ்வொரு வருஷமும் குளம் நிறைந்ததும் கேப்டனிடமிருந்து ஒரு கார்டு வரும். ‘குளம் பெருகிவிட்டது. வரவும்.’ முதல் நாள் படகுக்குக் குங்குமம் வைத்துத் தேங்காய் உடைத்து, பழைய ஆட்கள்தான் முதலில் வலிக்க வேண்டும் என்று ஒரு முறை வைத்திருந்தார். வேலை வாசுதேவநல்லூர், சங்கரன்கோவில், தூத்துக்குடி என்று மாறிக்கொண்டே இருந்தது. கார்டும் தேடிப்பிடித்து வந்துகொண்டே இருந்தது. பின்னாளில் கிறிஸ்டி மூலமாக வாட்ஸ்அப்பில் வந்தது. சுடலைக்கண்ணு ஒன்றுக்கும் பதில் போட்டதில்லை. கேப்டனைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுவார். கேப்டன் ஜெயித்ததும் தோற்றதும், பெண்களுக்கென்று தனிப் படகு வாங்கியதும், கிறிஸ்டி தேசியப் போட்டி வரை போனதும் பேப்பரில் வந்தது. அந்தப் பக்கத்தில் வடையைப் பிழிந்து எண்ணெய் எடுத்தார்.

ஒரே ஒரு தடவை நேருக்கு நேர் பார்த்தார்கள். குற்றாலத்தில் சீசன் நேரம், பேரருவியில் கூட்டத்தை ஒழுங்குபடுத்துகிற டியூட்டி. எழுபது வயதுக் கிழவர் ஒருவர் தண்ணீர் விழுகிற இடத்தில் நட்டுவைத்த மாதிரி நின்றார். பின்னால் வரிசை காத்துக் கிடந்தது. யாரென்று சுடலைக்கண்ணுவுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் பலமாக விசில் ஊதினார்.

“ஏ பெருசு, வெளிய வாரும். ஒமக்காகவா அருவி விழுது?”

கேப்டன் துண்டைப் பிடித்துக்கொண்டு வந்தார். ஒரு சாண் தூரத்துக்கு வந்து கண்ணை இடுக்கினார். “யாரு, சுடலையாலே?”

“டியூட்டில இருக்கேன்.”

“குளத்துக்குத் தண்ணி வந்துட்டுல்லா. டியூட்டி முடிச்சிட்டு ஒரு எட்டு வா.”

“வழி விடுங்க, ஆள் நிக்கி.”

கேப்டன் நகரவில்லை. ஏதோ சொல்ல வருகிற மாதிரி மீசையைத் தடவினார். கடைசியில், “அந்தத் தோளு இப்பவும் வலிக்குதா?” என்றார்.

குத்திக்காட்டுகிறார் என்று சுடலைக்கண்ணுவுக்குச் சுர்ரென்று வந்துவிட்டது. “கையெல்லாம் நல்லா உறுதியாத்தான் இருக்கு” என்று சொல்லி, மறுபடியும் அவர் முகத்துக்கு நேரே விசிலை ஊதினார். கேப்டன் நல்ல காதைப் பொத்திக்கொண்டு படியேறிப் போனார். அன்றைக்கு ஜெயித்துவிட்ட மாதிரி இருந்தது. இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மண்டபம் நிறைந்திருந்தது. மேடையில் சீருடையோடு, மீசையோடு, கண்ணாடி இல்லாமல் கேப்டன் பத்தடி உயரத்துக்கு ஃபிளெக்ஸில் நின்றார். முன்வரிசையில் ஆனந்தவள்ளி அம்மாள். எண்பத்திரண்டு வயது. பேசுகிறவர்கள் புருஷனைப் புகழ்கிறபோதெல்லாம் நம்பாதவள் மாதிரித் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் டிராக் சூட் போட்ட பிள்ளைகள் முப்பது பேர். நிர்மலாதேவி ஓரத்து நாற்காலியில், புருஷன் எப்போது மானத்தை வாங்குவார் என்று புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்தாள். ஒருவர் கேப்டனை இமயம் என்றார். ஒருவர் கலங்கரை விளக்கம் என்றார். கலங்கரை விளக்கத்துக்கும் வெளிச்சம் வெளியேதான் போகும், தனக்கு ஒன்றும் தெரியாது என்று சுடலைக்கண்ணு மனசுக்குள் சொல்லிக்கொண்டார்.

பெயரைக் கூப்பிட்டார்கள். கலெக்டர் முன்னால் கவாத்து நடத்திய அதே நடையில் மேடை ஏறினார்.

“எல்லாருக்கும் வணக்கம். நான் புகழ வரல.” பையிலிருந்து லேமினேஷனை எடுத்தார். “இது எண்பத்தேழாம் வருசத்து ஆண்டு மலரு. இதுல கேப்டன் ஒண்ணு எழுதியிருக்காரு.” வாசித்தார். பெயர் வருகிற இடத்தை மட்டும் நிறுத்தி வாசித்தார். மண்டபத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. சரிதான், எல்லாரும் அதிர்ந்துவிட்டார்கள் என்று நினைத்தார்.

“இது பொய். என் கை தளரல. அன்னைக்குச் சுக்கான்ல இருந்தது இவருதான். இவருக்குக் கண்ணு தெரியாது. நேர கொண்டு போயி…”

“சீனவலைல மோதிட்டாரு” என்றது டிராக் சூட் வரிசை, ஒரே குரலில்.

மண்டபம் சிரித்தது. கேலிச் சிரிப்பு இல்லை. வீட்டுக்குள் பல தடவை சொல்லிப் பழகிய கதையைக் கேட்டு எல்லாரும் சேர்ந்து சிரிக்கிற சிரிப்பு. சுடலைக்கண்ணு கையில் லேமினேஷனோடு நின்றார். முப்பத்தேழு வருஷ போலீஸ் உத்தியோகத்தில் அவர் இப்படி முழித்ததில்லை.

கிறிஸ்டி எழுந்தாள். “அண்ணாச்சி, எங்க எல்லாருக்கும் மொத நாள் பாடமே இதுதான. புதுசா யாரு வந்தாலும் சார் நிக்க வச்சிச் சொல்லுவாரு. நான் குருட்டுப்பய, வீம்புக்குக் கண்ணாடி போடாம ஒரு படகக் கொண்டு வலைல விட்டேன், விட்டுட்டு, பழிய ஒரு பையன் மேல எழுதிட்டேன், அவன் பேரு சுடலைக்கண்ணு, அப்படி ஒரு ஸ்ட்ரோக்க நான் அதுக்கப்புறம் பாக்கலம்பாரு. எங்கள்ல எவளாவது நல்லா வலிச்சா, சுடல அளவுக்கு இல்லட்டி, ஆனாலும் பரவால்லம்பாரு. சுக்கான் பிடிக்க வாற பிள்ளைகளுக்குக் கண்ணு டெஸ்ட் பண்ணாம படகுல ஏத்தமாட்டாரு. நாங்க இதெல்லாம் ஒங்களுக்குத் தெரியும்னுல்லா நெனச்சோம்.”

சுடலைக்கண்ணு ஓரத்து நாற்காலியைப் பார்த்தார். நிர்மலாதேவி தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்கும் தெரிந்திருக்கிறது. எத்தனை தடவை வாயெடுத்திருப்பாள், எத்தனை தடவை அடைத்திருப்பார். ஊரே தீர்ப்பு எழுதி முடித்த வழக்குக்கு அவர் ஒருவர்தான் இத்தனை வருஷமாக வாய்தாவுக்கு வந்துகொண்டிருந்திருக்கிறார். கோபம் வந்தது. அந்தக் கோபத்தை வைக்க ஒரு இடம் இல்லை என்பது அதைவிட மோசமாக இருந்தது.

“அப்ப எங்கிட்ட ஏன் சொல்லல?” என்றார். மைக்கில் கேட்க வேண்டிய கேள்வி இல்லை அது. தெரிந்தும் கேட்டார். “முப்பது பிள்ளைககிட்ட வருசா வருசம் சொல்லத் தெரியுதுல்லா. எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னா மீச உதிர்ந்துருமா?”

ஆனந்தவள்ளி அம்மாள்தான் உட்கார்ந்த இடத்திலிருந்தே பேசினார். அந்தக் குரலுக்கு மைக் தேவையில்லை.

“உதிர்ந்துரும்னுதான் அந்த மனுசன் நெனச்சாரு. ராணுவத்துல எல்லாம் சொல்லிக் குடுத்தானுவ, சின்னவன்கிட்ட மன்னிப்புக் கேக்க மட்டும் சொல்லிக் குடுக்கல. குளத்தாங்கரைல வச்சிச் சொல்லிருதேன், குளத்தாங்கரைல வச்சிச் சொல்லிருதேன்னுட்டே கெடந்தாரு. வேற எடத்துல அவருக்கு வாய் வராதுய்யா. வருசம் தவறாம ஒனக்கு எழுதிப் போட்டுட்டு, அன்னைக்கு வெள்ளன எந்திச்சு, நாலு முட்டைய அவிச்சி வைடி, சுடல வருவாம்பாரு. நானும் அவிச்சி வைப்பேன். நீ வந்தியா?”

லேமினேஷன் காகிதத்தைச் சுடலைக்கண்ணு இரண்டாக மடிக்கப் பார்த்தார். அது மடியவில்லை.

“வரலம்மா” என்றார்.